நூறு வாங்கினால் குறைகிற மதிப்பெண்

பிப்ரவரியில் ஒரு நண்பர் போன் செய்தார். எட்டாவது படிக்கிற மகனுக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் நிரப்ப வேண்டும். பேண்ட் என்கிற பள்ளி இசைக்குழுவும் அதில் ஒரு பாடம். "பேண்டை வெச்சுக்கலாமா, விட்டுரலாமா? நீங்க ஒரு ரவுண்டு முடிச்சுட்டீங்க, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். எனக்கு வாய் எழவில்லை. "அவனுக்குப் பிடிச்சிருந்தா வெச்சுக்கட்டும்" என்று எல்லோரும் சொல்வதையே சொல்லி மழுப்பிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதுவும் எக்செல்லில், இரண்டாம் தசம இடம் வரைக்கும். அந்தப் பதிலை நான் எப்படித் தொலைத்தேன் என்பது நண்பரிடம் ஒரு வார்த்தையில் சொல்கிற விஷயமில்லை. நாலு மாதமாக மனதில் உருண்டுகொண்டிருப்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது டாலஸுக்கு வடக்கே. இந்தப் பக்கம் நம்மவர்கள் கூடுகிற எந்தப் பிறந்தநாள் விழாவிலும் கேக் வெட்டுவதற்குள் பேச்சு 'ரேங்க்' என்கிற இடத்துக்கு வந்து நின்றுவிடும். உன் பையன் எத்தனை ஏபி எடுக்கிறான், கால்குலஸ் பிசியா ஏபியா, வெயிட்டட் எவ்வளவு, அன்வெயிட்டட் எவ்வளவு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கைச் சொன்னால் போதும், மீதி எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் பள்ளி மாவட்டத்தில் சாதாரண வகுப்பில் முழு மதிப்பெண் எடுத்தால் 4 புள்ளி. ஆனர்ஸ் வகுப்பென்றால் 4.5. கல்லூரித் தரத்தில் நடக்கிற ஏபி வகுப்பென்றால் 5. பேண்ட் சாதாரண வகுப்பு. ஆகவே எல்லாவற்றையும் ஏபியாக எடுக்கிற பிள்ளை பேண்டில் நூற்றுக்கு நூறு வாங்கினால் அதன் சராசரி (ஜிபிஏ என்பார்கள்) ஏறாது, இறங்கும். ஏபி வகுப்பில் தூங்கி வழிந்து 'பி' வாங்கினாலும் 4, இசையில் உயிரைக் கொடுத்து 'ஏ' வாங்கினாலும் 4. (எல்லா மாவட்டத்திலும் இப்படி இல்லை. சில இடங்களில் இசை வகுப்பை ரேங்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அங்கே இந்தக் கட்டுரைக்கே வேலை கிடையாது. எங்கள் ஊரில் உண்டு.)

என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது இதை அவருக்கு விளக்கினேன். நூறு வாங்கினால் மார்க் குறையும் என்றதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நீ சரியா விசாரிச்சியாடா?" என்றார்.

சரியாகத்தான் விசாரித்திருந்தேன்.

முப்பத்தைந்து பேர்

இந்த ரேங்க் பைத்தியத்துக்கு டெக்ஸஸில் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. 1996-இல் ஹாப்வுட் வழக்கில், இனத்தைக் கணக்கில் கொண்டு கல்லூரி இடம் கொடுக்கக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாற்று வழியாக 1997-இல் மாநிலச் சட்டமன்றம் ஒன்றைக் கொண்டுவந்தது: எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தாலும் வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வருகிறவர்களுக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். பருத்தி விளைகிற சிற்றூர்ப் பிள்ளைக்கும் நகரத்து ஏழைப் பகுதிப் பிள்ளைக்கும் கதவு திறக்க வேண்டும் என்பது யோசனை. நல்ல யோசனை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஆஸ்டின் நகரில் இருக்கிற டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் கூட்டம் தாங்கவில்லை. 2009-இல் ஆஸ்டினுக்கு மட்டும் ஒரு தளர்வு கொடுத்தார்கள்: மாநிலத்துப் பிள்ளைகளுக்கான முதலாண்டு இடங்களில் முக்கால்வாசி வரை இப்படி நிரப்பினால் போதும். அதற்கேற்ப பத்து சுருங்கியது. பல வருஷம் ஆறு சதவீதத்தில் நின்றது.

சிற்றூர்ப் பிள்ளைக்காகப் போட்ட சட்டம் எங்களைப் போன்ற புறநகரில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் எழுநூறு பிள்ளைகள். பாதிப் பேருக்குப் பெற்றோர் இரண்டு பேருமே ஏதோ ஒரு பட்டம் வைத்திருப்பவர்கள். ஆறு சதவீதம் என்றால் நாற்பத்திரண்டு பேர். அந்த நாற்பத்திரண்டுக்குள் நிற்க இருநூறு வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். மேலே இருப்பவர்கள் எல்லோரும் இரண்டாம் தசம இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கும்பமேளாவில் ஒரே படித்துறையில் நிற்கிற மாதிரி. இத்தனைக்கும் ரேங்க் தருவது பல்கலைக்கழகத்துக்குள் நுழைவுதான். கம்ப்யூட்டர் சயின்ஸோ இன்ஜினியரிங்கோ கேட்ட துறை கிடைக்கும் என்கிற உத்தரவாதம் அதில் கிடையாது. இதைப் பிறந்தநாள் விழாவில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நம்மவர்கள் இசைக்கு எதிரிகள் இல்லை. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் கர்நாடக சங்கீத வகுப்பு நடக்கிறது. அரங்கேற்றத்துக்கு மண்டபம் கிடைக்காமல் ஒரு வருஷம் முன்னாலேயே பதிவு செய்கிறார்கள். வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் சனி, ஞாயிறுகளில், பள்ளிக்கு வெளியே. அதனால் ஜிபிஏவை அது தொடுவதில்லை. செலவெல்லாம் பணமும் பெட்ரோலும்தான். பள்ளி இசைக்குழு அப்படியில்லை. கால அட்டவணைக்கு உள்ளே வந்து, ஒரு ஏபி உட்காரக்கூடிய நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. நம்மை உறுத்துவது அந்த நாற்காலி.

அதிலும் முதல் இரண்டு வருஷம் உறுத்தாது. பட்டம் வாங்க ஒரு வருஷ நுண்கலைப் பாடம் கட்டாயம். பேண்ட் அதற்குச் சரியாகிவிடும். உடற்கல்வியும் ஒரு வருஷம் கட்டாயம்; மார்ச்சிங் பேண்டில் வெயிலில் நடப்பதை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்வார்கள். ஆக இரண்டு வருஷத்துக்குக் கணக்கு நேராகிவிடுகிறது. மூன்றாவது வருஷத்தில்தான், அதாவது பதினோராம் வகுப்பில்தான், கையைக் கடிக்க ஆரம்பிக்கும். ரேங்கை முடிவு செய்கிற வருஷமும் அதுதான்.

சீவாளி

என் மகள் ஆறாம் வகுப்பில் புல்லாங்குழல் கேட்டாள். கேட்டது அவள் மட்டுமில்லை, முப்பது பெண்கள். பேண்ட் ஆசிரியர் ஒவ்வொருவரையும் நாலைந்து வாத்தியங்களை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவளுக்கு ஓபோவை எழுதிக் கொடுத்தார். ஓபோ என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பார்க்க கிளாரினெட் மாதிரி இருக்கும்; வாயில் வைக்கிற இடத்தில் மட்டும் மெல்லிய இரண்டு நாணல் தகடுகள், ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும். முதல் ஆறு மாதம் எங்கள் வீட்டில் ஒரு வாத்து உயிரோடு மாட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் தனி ஆசிரியர் ஒருவரிடம் சனிக்கிழமை போக ஆரம்பித்தாள். வாயில் வைக்கிற அந்த நாணல் தகடுக்கு ரீடு என்று பெயர்; அதைச் செய்யக் கற்றுக் கொடுத்தார் அவர். கடையில் ஒரு ரீடு முப்பது டாலர் ஆகிறது, இரண்டு வாரம் தாங்கினால் அதிகம். ஆகவே ஓபோ வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்கிறார்கள். சமையலறை மேஜைதான் பட்டறை. நாணல் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மடித்து, ஒரு சின்னக் குழாயின் மேல் வைத்து நூலால் இறுக்கிச் சுற்றுவாள். அப்புறம் கத்தியை எடுத்துக்கொண்டு சீவ ஆரம்பிப்பாள். தலைமுடி கனம்கூட இருக்காது, ஒவ்வொரு தடவை சீவியதும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். பிறகு வாயில் வைத்து ஊதுவாள். வாத்தியம் இல்லாமல் ரீடை மட்டும் ஊதும்போது வருகிற 'கிராக்' என்கிற கரகரப்புக்குள் ஒரு சுரம் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மறுபடி சீவல். ஒரு மணி நேரம் சீவி, கடைசிச் சீவலில் நுனி கிழிந்து, குப்பையில் எறிந்துவிட்டுப் பேசாமல் மாடிக்குப் போன ராத்திரிகள் உண்டு. மறுநாள் மேஜையைத் துடைத்தால் துணியில் மஞ்சளாகத் தூள் வரும்.

அப்பா வந்திருந்தது அந்தச் சமயம். கும்பகோணம் பக்கத்துக்காரர், கோயில் தெருவில் வளர்ந்தவர். காப்பித் தம்ளரோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இது சீவாளியில்ல?" என்றார். அவளுக்குப் புரியவில்லை. நாயனக்காரர் வாத்தியத்திலிருந்து நூலில் கொத்தாகத் தொங்குமே, நடுவில் ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டி, ஊசியால் குத்திச் சரிபண்ணி, 'பீ' என்று ஊதிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பாரே, அது. தன் போனில் தேடி ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டுக் காட்டினார். அவள் நடுவில் நிறுத்தி, நிறுத்தி, வித்வானின் உதட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இவர் எப்படி இவ்ளோ சத்தம் எடுக்கிறார்? எங்க சார் கேட்டா பயந்துருவார்" என்றாள். இரண்டும் இரட்டை நாணல் வாத்தியம். ஒன்று தெருவுக்காகச் செய்தது, இன்னொன்று கூடத்துக்காக.

தெரு என்றதும் நினைவு வருகிறது: ஓபோவை மார்ச்சிங் பேண்டில் வாசிக்க முடியாது. நடந்துகொண்டே ஊதினால் ரீடும் போகும், பல்லும் போகும். வெயிலில் மரம் வெடித்துவிடும். ஆகவே ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஓபோக்காரர்கள் வேறு எதையாவது தூக்க வேண்டும். இவளுக்கு மரிம்பா, மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கிற பெரிய வாத்தியம். மைதானத்தின் முன்னால் சக்கர வண்டியில் நிறுத்தி வாசிக்கிறது. ஆகஸ்டில் தார் போட்ட பார்க்கிங் லாட்டில் நாற்பது டிகிரியில் பயிற்சி. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு காலன் தண்ணீர் ஜாடி. பள்ளி திறந்த பிறகு, வகுப்பு நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று மாநிலப் பள்ளிப் போட்டிகளை நடத்துகிற யூஐஎல் விதி வைத்திருக்கிறது. இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே நிலைமை புரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் மரிம்பாவை மைதானத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், ஏழெட்டு நிமிஷத்தில் திரும்பத் தள்ளி வருவது அப்பாக்களின் வேலை. நானும் தள்ளியிருக்கிறேன். கூடத் தள்ளிய டெக்ஸஸ்காரர் ஒருவர், உங்கள் மகள் என்ன வாசிக்கிறாள் என்று கேட்டார். ஓபோ என்றேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

2024 பிப்ரவரி. அவள் பத்தாவது. பதினோராம் வகுப்புக்கான படிவம் வந்திருந்தது. ஒரு நாளைக்கு நாலு வகுப்பு, மாற்றி மாற்றி இரண்டு நாளுக்கு, மொத்தம் எட்டு இடம். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து எக்செல் போட்டிருந்தேன். பேண்ட் இருந்தால் ஒரு சராசரி. பேண்டுக்குப் பதில் ஏபி சுற்றுச்சூழல் அறிவியல் போட்டால் ஒரு சராசரி. மூன்று வருஷத்தில் இருபத்துநான்கு வகுப்பு, அதில் ஒன்று 4-லிருந்து 5 ஆகிறது, ஒன்றை இருபத்துநான்கால் வகுத்தால் 0.04. சின்ன எண்தான், ஆனால் அந்த நெரிசலில் 0.04 என்பது பத்துப் பேரைத் தாண்டுகிற தூரம் என்று கணித்திருந்தேன். நடுவழியாக ஏபி மியூசிக் தியரி எடுக்கலாமே, இசைக்கு இசையும் ஆச்சு, ஐந்துக்கு ஐந்தும் ஆச்சு என்று ஒரு யோசனையும் வைத்திருந்தேன். அது பள்ளியில் ஒரே ஒரு பீரியடில்தான் நடக்கிறது, அதே பீரியடில்தான் அவளுக்கு ஏபி கெமிஸ்ட்ரி விழும் என்று, பாடத்தேர்வுக்கு ஆலோசனை சொல்கிற பள்ளிக் கவுன்சிலர் சொல்லிவிட்டார். ஜிபிஏ, ஜிபிஏ என்று பறக்கிற நாம் இதைக் கவனிப்பதே இல்லை. பாதி முடிவுகளை எடுப்பது அட்டவணைதான்.

கொடூரமான அப்பாவாக இருக்கக் கூடாது என்று எல்லா ஏற்பாடும் செய்திருந்தேன். பேண்டை மட்டும்தான் விடப்போகிறோம். சனிக்கிழமை ஆசிரியர் தொடர்வார். வேண்டுமானால் இன்னொரு அரை மணி கூட்டிக்கொள்ளலாம். இசை எங்கும் போய்விடாது. தாளை அச்சடித்து அவளிடம் கொடுத்தேன். மாற்றிய கட்டத்துக்குப் பச்சை நிறம் போட்டிருந்தேன்.

அவள் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். "ஓபோ?" என்றாள்.

"ஓபோவை யாரு விடச் சொன்னா? சனிக்கிழமை கிளாஸ் அப்படியே போகட்டும்."

"எதுல வாசிக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. சுவர் ஓரம், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், எப்போதும் இருக்கிற இடத்தில் கறுப்புப் பெட்டி இருந்தது. அதைக் காட்டினேன்.

"அது ஸ்கூலோடது, அப்பா. பேண்ட்ல இல்லேன்னா திருப்பிக் குடுத்துடணும். நீங்கதான் சைன் பண்ணீங்க."

உண்மைதான். ஒவ்வொரு ஆகஸ்டும் ஒரு படிவம் வரும்: வாத்தியத்தின் வரிசை எண், பராமரிப்புக் கட்டணம், பெற்றோர் கையெழுத்து. நானும் போட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஓபோ, பசூன், டூபா மாதிரி விலையேறிய வாத்தியங்களைப் பள்ளிகளே வாங்கி வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. வருஷக்கணக்கில் நம் வீட்டுச் சுவரோரம் இருந்ததால் அது நம்முடையது என்று என் மனதில் பதிந்துவிட்டது. அன்று ராத்திரி அந்த மாடலின் விலையைத் தேடிப் பார்த்தேன். எட்டாயிரம் டாலருக்குக் கீழே ஒன்றும் இல்லை. என் காரை விற்றாலும் அது வராது.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. எரிச்சலாக, ஒரு சிறு பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். ரீஜியன் தேர்வுக்கு, அதாவது வட்டார இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு, போக வேண்டுமென்றால் பள்ளிக் குழுவில் இருக்க வேண்டும். ரெப்பர்ட்வார் என்று என்னவோ சொன்னாள். அப்புறம், "இப்ப வாசிக்கிற பீஸ்ல என் பார்ட் என்ன தெரியுமா? நாற்பத்தி மூணு பார் ரெஸ்ட். அதுக்கப்புறம் எட்டு பார் வாசிப்பேன். அந்த நாற்பத்தி மூணுல மத்தவங்க வாசிப்பாங்க. வீட்ல நான் யாரை எண்ணிட்டு உட்காருறது?" என்றாள். பிறகு தாளை மேஜையில் வைத்துவிட்டு, மறுநாள் கெமிஸ்ட்ரி லேபுக்கு ஏதோ முடிக்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

ஓபோவுக்குத் தனி வாசிப்பு உருப்படிகள் நிறைய இருக்கின்றன, பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் அவள் சொன்ன அந்த நாற்பத்து மூன்றில்தான் நான் மாட்டிக்கொண்டேன். (பார் என்றால் ஒரு தாளச் சுற்று, ரெஸ்ட் என்றால் வாசிக்காமல் காத்திருப்பது.) எனக்குத் தெரிந்த இசை என்பது ஒரு குரு, ஒரு வாத்தியம், ஒரு பிள்ளை. ஊரில் அக்கா வீணை கற்றுக்கொண்டது அப்படித்தான். பத்தாவது பரீட்சை வந்தால் ஒரு வருஷம் உறையைப் போட்டு மூடி வைக்கலாம், முடிந்ததும் எடுக்கலாம். வீட்டோடு இருக்கிற இசை. இது அந்த வகை இல்லை. வாத்தியம் பள்ளியுடையது, அறை பள்ளியுடையது, கூட வாசிக்கிற அறுபது பேர் பக்கத்து நாற்காலிக்காரர்கள். நாற்பத்து மூன்று தாளம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதில் ஒரு வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை தந்தி வாத்தியக்காரர்களோடு சேர்ந்து முழு ஆர்கெஸ்ட்ராவாக உட்காரும்போது, சுருதி சேர்க்க முதலில் ஓபோதான் ஒரு சுரம் கொடுக்கும். கூடம் முழுக்க அமைதியாக இருக்க, இவள் மட்டும் ஊதுவாள். எண்பது பேர் அதில் வந்து சேர்ந்துகொள்வார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன், வீடியோகூட எடுத்திருக்கிறேன். ஆனால் என் எக்செல்லில் நான் பச்சையடித்த கட்டத்துக்குள் அது இருக்கிறது என்று தோன்றவே இல்லை. பாடத்தின் பெயர், புள்ளி, பீரியட். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு அதில் ஒரு பத்தி இல்லை.

படிவத்தை அவளே நிரப்பினாள். பேண்ட் இருந்தது.

அப்புறம் நடந்தது

இங்கே நிறுத்திவிட்டால் நல்ல கதை. நடந்தது அப்படி இல்லை.

பதினோராம் வகுப்பு தொடங்கி ஒரு மாதம், 2024 செப்டம்பரில் ஆஸ்டினிலிருந்து அறிவிப்பு வந்தது: 2026-இல் சேருகிறவர்களுக்கு ஆறு சதவீதம் இல்லை, ஐந்து. என் எக்செல்லில் நாற்பத்திரண்டு என்று இருந்த கோடு முப்பத்தைந்துக்கு நகர்ந்தது. அந்த வருஷம் முழுக்க வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. எதையாவது விலையாகக் கொடுத்தோம் என்றால் அது ரேங்கைவிட முதலில் தூக்கம்தான். போட்டி முடிந்து சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குப் பள்ளி வாசலில் பஸ்ஸுக்காகக் காத்திருப்போம். இறங்கி வருகிறவள் காரில் ஏறியதும் ஏபி வரலாற்றுப் புத்தகத்தைத் திறப்பாள், மூன்றாவது சிக்னலில் தலை சாய்ந்திருக்கும். பேண்ட் பிள்ளைகள் நேரத்தை நிர்வகிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வார்கள். கற்றுக்கொள்கிறார்கள்தான், சாய்ந்து தூங்க.

இசைக்குள் போட்டியே கிடையாது, அங்கே பிள்ளைகள் சுதந்திரமாக மூச்சு விடுகிறார்கள் என்றும் நான் சொல்லப் போவதில்லை. ரீஜியன் தேர்வில் நடுவர்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள். பிள்ளைக்குப் பெயர் கிடையாது, எண்தான். வாசித்துவிட்டு வந்தால் அங்கேயும் ரேங்க்: முதல் நாற்காலி, இரண்டாம் நாற்காலி. அடுத்த கட்டத்துக்குப் போகிற வாய்ப்பை இவள் ஒரே ஒரு இடத்தில் விட்டாள். அதற்கு அழுதாள். பள்ளி ரேங்குக்கு அழுது நான் பார்த்ததில்லை.

பதினோராம் வகுப்பு முடிவில் ரேங்க் வந்தது. எழுநூற்று மூன்று பேரில் முப்பத்தொன்பது.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். போடாமல் இருக்க முடியுமா? 0.04 கூட்டினால் நாலு பேரைத் தாண்டியிருக்குமா? தாண்டியிருக்கும் என்றுதான் பட்டது. இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காரில் போகும்போது அவளே சொன்னாள். "முப்பத்தி மூணு வந்திருக்கும், அப்பா. நான் பார்த்துட்டேன்." பிள்ளைகளுக்குள் எல்லோருடைய ஜிபிஏவும் எல்லோருக்கும் தெரியும். என்னுடையது ஊகம்; அவளிடம் இருந்தது நிஜமான விவரம். மழை வரும்போல என்கிற குரலில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநாள் கழித்து ஒரே ஒரு தடவை, பேண்டில் இருந்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டேன். "சில நாள்" என்றாள். அதற்கு மேல் நான் நோண்டவில்லை.

விண்ணப்பத்தில் இதெல்லாம் உதவியதா என்று கேட்பார்கள். காமன் ஆப் என்கிற பொது விண்ணப்பத்தில் பள்ளிக்கு வெளியேயும் உள்ளேயும் செய்ததைச் சொல்லப் பத்து வரிசை உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க நூற்றைம்பது எழுத்து. சொல் இல்லை, எழுத்து. ஏழு வருஷம், வாத்து, மரிம்பா, நாணல் தூள், நாற்பத்து மூன்று தாளம் எல்லாவற்றையும் நூற்று நாற்பத்தேழில் முடித்தாள். மீதி மூன்று எழுத்தை என்ன செய்வது என்று கேட்டாள். எங்கே சேர்கிறாள் என்பதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். எழுதினால் வெற்றிக் கதை அல்லது தோல்விக் கதை என்று படித்துவிடுவீர்களாம். அதுவும் சரிதான்.

நண்பருக்கு இப்போது என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு வருஷத்துக்கு யோசிக்கவே வேண்டாம், எடுக்கட்டும் என்பேன். உங்கள் மாவட்டத்தில் இசை வகுப்பை ரேங்கில் சேர்க்கிறார்களா என்று முதலில் கேளுங்கள் என்பேன். ஆனால் மூன்றாவது வருஷம் வரும்போது எக்செல்லைத் திறப்பதற்கு முன்னால் வாத்தியம் யாருடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றால், மனிதர் என்னைக் கிறுக்கன் என்று நினைப்பார். அவர் பையன் வாசிப்பது கிளாரினெட், சொந்தமாக வாங்கியது. ஆகவே என் அனுபவம் அவருக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்றும் சொல்லத் தெரியவில்லை. நாற்பதாயிரம் டாலருக்கு வருஷா வருஷம் கல்லூரிக் கட்டணம் கட்டப் போகிற ஆள், 0.04-ஐ அலட்சியம் செய் என்று இன்னொருவருக்குச் சொல்கிற தைரியமும் எனக்கு இல்லை.

மே மாதக் கடைசியில், பட்டமளிப்புக்கு முந்தின வாரம், ஓபோவைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பேண்ட் அறைக்குப் பின்னால் வாத்தியங்களை அடுக்கி வைக்கிற நீளமான அறை. தரையில் டூபாக்கள், வரிசையாக வாயைப் பிளந்துகொண்டு. உதவி ஆசிரியர் ஒருவர் பெட்டியைத் திறந்து மூன்று துண்டையும் எடுத்து வைத்தார், வரிசை எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டார், மேல் துண்டில் இருந்த பழைய கீறலில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பெட்டியின் ஓரத்தில் அவளுடைய ரீடு டப்பா இருந்தது. அது மட்டும் சொந்தம். அதை எடுத்து ஜீன்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டாள். "துணி?" என்றார் அவர். வாசித்து முடித்ததும் குழாய்க்குள் இழுத்துத் துடைக்கிற பட்டுத் துணி. அதுவும் பள்ளிக் கணக்கில் இருக்கிறது. இவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் துவைக்கப் போட்டிருந்தாள். துணி இல்லாவிட்டால் பதினெட்டு டாலர் கட்ட வேண்டும் என்றார். கட்டிவிடலாம் என்று நான் பர்ஸை எடுத்தேன். "வேண்டாம், எடுத்துட்டு வாங்க" என்றாள். நான் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். டிரையருக்குள், என் சட்டைக் கைக்குள் சுருண்டு கிடந்தது.